பாக்ஸ்டர் துரையின் தராசு

திருச்சிராப்பள்ளி மாவட்ட வர்த்தகர் நல்லொழுக்க முன்னேற்றச் சங்கம் பாலக்கரையில் ஒரு மாடியில் இருந்தது. மாடிப்படி குறுகல், சங்கத்தின் பெயர்ப்பலகை அகலம். எப்படித் திருப்பியும் மேலே ஏற்ற முடியாததால், அதைக் கீழே இருந்த சைக்கிள் கடையின் நெற்றியிலேயே அடித்துவிட்டார்கள். இந்த ஊரில் பங்சர் ஒட்டக்கூட நல்லொழுக்கம் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டு போவார்கள்.

சங்கம் மாதம் ஒருமுறை கூடும். மற்ற நாட்களில் அந்த ஹால் சும்மா கிடந்தது. மேலப்புதூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்த இருதயமேரி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு மாலையில் வகுப்பு நடத்த அந்த இடத்தைக் கேட்டாள். சங்கம் கொடுத்தது. வாடகை வேண்டாம், ஆனால் சங்கத்துக்கு எப்போதாவது இங்கிலீஷ் தேவைப்பட்டால் டீச்சர்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. இரண்டு வருடத்தில் சங்கத்துக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டது ஒரே ஒரு தந்தி படிப்பதற்குத்தான். அதுவும் விலாசம் தவறி வந்த தந்தி.

அறுபத்திரண்டாம் வருஷம், கடைகளில் கிலோ வந்த புதிதில், அமெரிக்காவிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய அன்பளிப்புப் புத்தகப் பெட்டி ஒன்று சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. தலைவர் மாத்ருபூதம் பிள்ளை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். அவருக்குக் காந்தி மார்க்கெட் அருகே பெரிய பலசரக்குக் கடை. ஒரு புத்தகத்தின் அட்டையில் கோட்டுப் போட்ட, தொந்தி உள்ள, கண்டிப்பான முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குக் கண்ணாடி பார்ப்பது போல இருந்தது.

"யாரு டீச்சரம்மா இவரு?"

"ஹைரம் பாக்ஸ்டர்னு ஒரு அமெரிக்க வியாபாரிங்க. போன நூற்றாண்டுக்காரர். சாதாரணக் குடும்பத்துல பொறந்து பெரிய பணக்காரரா ஆனவராம்."

"அப்ப இதைத் தமிழ்ல எழுதுங்க. ஜில்லாவுல ஒவ்வொரு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துலயும் இது இருக்கணும்."

இருதயமேரி புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தாள். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஹைரம் பாக்ஸ்டர் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பீப்பாய் செய்கிறவரின் மகன். சிறு வயதிலேயே கருவாட்டுக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்மேல் அடித்த வாடையில் கோயிலில் அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். வளர்ந்ததும் சொந்தமாக மாவு, சர்க்கரை, விளக்கெண்ணெய் விற்கும் கடை வைத்தார். சீக்கிரம் முன்னேறும் ஆசையில் கோதுமை மாவில் சுண்ணாம்புத் தூளைக் கலந்தார். ஊரில் ஒரு கல்யாணத்துக்குச் சுட்ட ரொட்டி செங்கல் மாதிரி வந்து, மாப்பிள்ளையின் பல் உடைந்தது. மாப்பிள்ளை மாஜிஸ்திரேட்டின் தம்பி. பாக்ஸ்டர் ஒரு குளிர்காலம் முழுக்க ஜெயிலில் இருந்தார்.

அவர் மனைவி அபிகெயில் கடையை மூடவில்லை. ஆனால் ஜனங்கள் உள்ளே வரப் பயந்தார்கள். அந்த அம்மாள் தராசைத் தூக்கி வந்து தெருவில் வைத்தாள். சாக்கைத் திறந்து வைத்து, நீங்களே பார்த்து நீங்களே நிறுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பாக்ஸ்டர் விடுதலையாகி வந்து தராசை உள்ளே கொண்டுபோனார், வியாபாரம் படுத்தது. மறுபடி வெளியே வைத்தார், எழுந்தது. அப்புறம் அவர் தராசுக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்: "நான் உங்களை ஏமாற்றி ஜெயிலுக்குப் போனவன். என்னை நம்பாதீர்கள். நீங்களே நிறுத்துப் பாருங்கள்." அந்தப் பலகையால் அவர் ஊர் ஊராகக் கடை திறந்தார். கடைசியில் ஒருநாள், தராசு பொய் சொல்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொல்ல, இல்லை என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே கடை வாசலில் மூச்சு நின்றது. தராசு சரியாகத்தான் இருந்ததாம்.

இவ்வளவையும் இருதயமேரி அழகாகத் தமிழில் எழுதிக்கொண்டு போனாள்.

சங்கத்தின் செயற்குழு கூடியது. எந்தக் கூட்டத்திலும் முதலில் தலைவருக்குத் துணைத்தலைவர் சந்தன மாலை போடுவார். துணைத்தலைவருக்குப் பொருளாளர் போடுவார். பொருளாளருக்குத் தலைவர் போடுவார். மூவரைத் தவிர அன்று வேறு உறுப்பினர் யாரும் வரவில்லை என்பதால் மாலை முறை சுருக்கமாக முடிந்தது. பிறகு வரவேற்புரை. பிறகு போண்டா. நன்றியுரையையும் அப்போதே சொல்லிவிடுவார்கள், கடைசியில் யாருக்கும் நன்றி சொல்லும் மனநிலை இருப்பதில்லை என்பதால். அதற்குப் பின்தான் விஷயத்துக்கு வருவார்கள்.

துணைத்தலைவர் ஸ்ரீரங்கம் ரெங்கநாதன் ஐயங்கார், காபிப் பொடி வியாபாரி. இருதயமேரி முதல் வரியைப் படித்ததுமே கண்ணை மூடிக்கொண்டார்.

"ஹை... ராம். திருநாமமே உள்ளே இருக்கு பாருங்கோ. பகவத் சங்கல்பம்."

பொருளாளர் பரக்கத் அலி சாயபுக்குக் குடைக்கடை. அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு ஹராம்னு கேக்குதே பாய். எங்க ஆளுங்க யாரும் வாங்க மாட்டாங்க."

முன்பெயரை எடுத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அவர் வெறும் பாக்ஸ்டர் துரை ஆனார்.

"கருவாட்டுக் கடை வேண்டாமே" என்றார் ஐயங்கார். "தயிர்க் கடைன்னு போட்டுடுங்கோ. சாத்வீகமா இருக்கும்."

"தயிர் வாடைக்கு ஏங்க கோயில்ல பின்னாடி அனுப்பணும்?" என்று கேட்டாள் இருதயமேரி.

"அவர் பணிவோட தானே போய்ப் பின்னால உக்காந்துண்டார்."

மாவில் சுண்ணாம்பு கலந்த இடம் வந்தது. மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இதை எழுதினா என்ன ஆகும் தெரியுமா டீச்சரம்மா?" என்றார் பிள்ளை. "ஜனங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னே தெரியாது. நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். இந்தச் சங்கத்துக்கு உண்மை மேல ரொம்ப மரியாதை உண்டு. மரியாதையானவங்களை எல்லாரும் பாக்குற மாதிரி நடு வீதியில நிக்க வெப்பமா?"

சுண்ணாம்பு போயிற்று. சுண்ணாம்பு போனதால் ஜெயிலுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. ஐயங்கார் அதைத் தீர்த்த யாத்திரை என்று மாற்றச் சொன்னார். யாத்திரை போனவரின் மனைவி கடையில் நிற்பது லட்சணமாக இல்லை என்று அபிகெயில் அம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தது தராசு.

"இவ்வளவும் இல்லைன்னா, தராசை எதுக்குங்க தெருவுல வெச்சாரு?" என்றாள் இருதயமேரி. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"காத்துக்கு வெச்சிருப்பார்" என்றார் பரக்கத் அலி. தராசு விஷயத்தில் அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. குடையை யாரும் நிறுத்து வாங்குவதில்லை.

பிள்ளை யோசித்தார். "தராசை உள்ளயே வைங்க. வெளிய வெச்சாருன்னு படிச்சா, நாளைக்குக் காந்தி மார்க்கெட்ல கீரைக்காரிகூட, வெளிய வையின்னு கேப்பா."

"அப்ப அவரு பணக்காரர் ஆனது எப்படிங்க?"

"நல்லொழுக்கத்தால" என்றார் பிள்ளை.

அவள் தயங்கி நின்றதைப் பார்த்து, மழைக்காலத்தில் மஞ்சள் மூட்டை அடுக்க இந்த ஹால் தோதாக இருக்கும் என்று தன் கணக்கப்பிள்ளை சொல்லிக்கொண்டிருப்பதாக, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இருதயமேரி காகிதங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவளுடைய வகுப்புக்குப் பாலக்கரையில் வேறு இடம் கிடையாது. சர்ச்சில் கேட்டாகிவிட்டது, ஸ்கூலில் கேட்டாகிவிட்டது. அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்தாள்.

ஆனால் எழுதியது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலை வகுப்பில், வழக்கமான ஆடு, இலை பாடத்தை வைத்துவிட்டு, உண்மையான பாக்ஸ்டரின் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம். அன்றைய கதையில் ஒரு வரியைப் பலகையில் எழுதி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வாள். ஆட்டுக்கும் இலைக்கும் கொட்டாவி விட்ட பெண்கள், "மாவில் சுண்ணாம்பு கலந்தார்" என்ற வரியை ஒரே மூச்சில் படித்தார்கள். 'ண்ணா' என்பது அதுவரை யாருக்கும் வராத எழுத்து.

"நம்ம ஊர் ஆளு மாதிரியே இருக்காரு" என்றாள் அற்புதம்மாள். காந்தி மார்க்கெட் வாசலில் கீரை விற்பவள்.

செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் ஜீனத் வேறு ஒன்று கேட்டாள். "ஏன் டீச்சர், தராசை வெளிய வெச்சது அந்த அம்மாதானே? புஸ்தகத்தை ஏன் அவரு பேருல போட்டாங்க?"



ஒருநாள் பலகையை அழிக்க மறந்து போய்விட்டாள். மறுநாள் காலை செயற்குழு கூடியபோது, சந்தன மாலைகளோடு மூவரும் பலகைக்கு எதிரே நின்றார்கள். "அவர் ஜெயிலுக்குப் போனார். தராசு வெளியே வந்தது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெயர் எதுவும் இல்லை.

பிள்ளையின் முகம் வெளிறியது. "யாரைச் சொல்றாங்க?"

"காபின்னு ஒண்ணும் எழுதலை" என்று மெதுவாகச் சொன்னார் ஐயங்கார். "ஸ்ரீரங்கநாதன் அனுக்ரஹம்."

அந்த வாரமே அற்புதம்மாள் பிள்ளையின் கடைக்குப் பருப்பு வாங்கப் போனவள், தராசைக் கொஞ்சம் வெளியே வைத்து நிறுக்கச் சொன்னாள். அமெரிக்காவில் அப்படித்தான் வைக்கிறார்களாம் என்றாள். கடை ஆட்கள் சிரித்தார்கள். பின்னால் நின்ற பெண்ணும் அதையே கேட்டாள். மூன்றாவதாக நின்றவர் ரயில்வேக்காரர், கதை தெரியாதவர், ஆனாலும் நியாயமாகப் பட்டதால் அவரும் கேட்டார். சில நாட்களில் மார்க்கெட் முழுக்க இதே பேச்சாயிற்று. பரக்கத் அலி சாயபு இதையெல்லாம் கேட்டுத் தம் குடைக்கடையில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் குடையை வாசலுக்குக் கொண்டுபோய், மழையில் விரித்துப் பார்த்து, ஒழுகுகிறது என்று திருப்பிக் கொடுத்த பிறகு ரசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அவசரக் கூட்டம் கூட்டினார்கள். மாலைகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"ஜனங்க தராசை வெளிய வைன்னு கேக்குறாங்க" என்றார் பிள்ளை. "வெச்சிருவோம்."

மற்ற இருவரும் அவரைப் பயத்தோடு பார்த்தார்கள்.

"நம்ம கடையில இல்ல. சங்கத்து வாசல்ல. பாக்ஸ்டர் துரை நினைவுத் தராசு. பித்தளையில நல்லதா ஒண்ணு வாங்கி, மேடை கட்டி, மாலை போட்டு வெச்சிருவோம். வருஷா வருஷம் விழா எடுப்போம். கேட்டதையும் குடுத்தாச்சு. யாரும் தொடாம பாத்துக்கிட்டா போதும். ஒரு விஷயத்துக்கு விழா எடுக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் அதை யாரும் செய்யச் சொல்லிக் கேக்க மாட்டாங்க. என் அனுபவம்."

ஐயங்கார் நெகிழ்ந்துபோனார். புத்தகத்தையும் அன்றே வெளியிடலாம் என்றார் பரக்கத் அலி.

விழா நாளன்று சைக்கிள் கடைக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். நாதஸ்வரம் வைத்தார்கள். சிறப்பு விருந்தினராக எடை அளவு இன்ஸ்பெக்டர் அருள்நாதனை அழைத்திருந்தார்கள். அவர் காலையிலேயே வந்து, மரியாதைக்காக, நினைவுத் தராசைச் சோதித்து அரசாங்க முத்திரையும் குத்தியிருந்தார். ஒரு தட்டில் பளபளவென்று புதுக் கிலோக் கல் ஒன்றை அலங்காரமாக வைத்தார்கள். இன்னொரு தட்டில் ரோஜாப்பூ. பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை.

புத்தகம் மெலிதாக இருந்தது. முதலில் தலைவர் படமும் வாழ்த்துரையும், பிறகு துணைத்தலைவர் படமும் ஆசியுரையும், பிறகு பொருளாளர் படமும் அணிந்துரையும், பிறகு இவர்கள் மூவரும் சேர்ந்து நிற்கும் படமும் இருந்தன. பாக்ஸ்டர் கடைசிப் பக்கத்தில் பிறந்து, தயிர் விற்று, யாத்திரை போய், அதே பக்கத்தில் முன்னேறினார். சாவது மங்களகரமாக இல்லை என்று அதையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

இருதயமேரி தன் வகுப்புப் பெண்களோடு ஓரமாக நின்றிருந்தாள். அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பிள்ளை பேசினார். "நேர்மைங்கிறது வெளியில தெரியுற பொருள் இல்ல. அது உள்ள இருக்கணும். நம்ம கிட்ட அது எவ்வளவு உள்ள இருக்குன்னா, நமக்கே சில சமயம் தெரியாது." கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் பேசினார். இந்த மார்க்கெட்டில் பல வருடமாக ஒரு வழக்குக்கூடத் தான் போட்டதில்லை என்றும், அதுவே வியாபாரிகளின் நேர்மைக்குச் சான்று என்றும் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

அவர் மேடையிலிருந்து இறங்கும்போது அற்புதம்மாள் எதிரே வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ஐயா, இது சரியான தராசுங்களா?"

"நானே முத்திரை போட்டதும்மா. ஜில்லாவுலயே இதைவிடச் சரியான தராசு கிடையாது" என்றார் அருள்நாதன் பெருமையோடு.

"சரிங்கய்யா" என்று சொல்லி, அவள் ரோஜாப்பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள். பொட்டலத்தில் பிள்ளை கடையின் பெயர் அச்சடித்திருந்தது. காலையில் வாங்கிய ஒரு கிலோ துவரம்பருப்பு.

தட்டு இறங்கவில்லை. கிலோக் கல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அற்புதம்மாள் விரலால் பொட்டலத்தை லேசாக அழுத்தினாள், இறங்கிற்று. விரலை எடுத்தாள், மேலே போயிற்று. பந்தலில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியை விழா முடிந்ததாக எடுத்துக்கொண்ட நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் வாசிக்கச் சொல்லித் தவில்காரருக்குச் சைகை காட்டினார்.

மேளம் ஓய்ந்ததும் பிள்ளை மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் ஒண்ணு புரிஞ்சுக்கணும். கிலோங்கிறது வெளிநாட்டு அளவு. பருப்பு நம்ம ஊர்ப் பருப்பு. அது அதுல சட்டுன்னு பொருந்தி உக்காராது. கொஞ்ச வருஷம் ஆகும்."

எல்லாரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். அவர் கழுத்தில் இருந்த மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் இன்னிக்கு விருந்தாளியா வந்திருக்கேன். வேலையா வரலை" என்றார். "வேலையா வந்தா முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் வருவேன்."

அதற்குள் ஜீனத் ஒரு காபிப் பொடிப் பொட்டலத்தோடு வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சர்க்கரை, உளுந்து, வெல்லம் என்று ஒரு நீண்ட வரிசை. ஐயங்காருக்கு உச்சிகால சேவை ஞாபகம் வந்தது. தென்பட்ட முதல் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, எல்லாருக்கும் தெரியட்டும்" என்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் பரக்கத் அலி சாயபு.

அன்று மாலை இருதயமேரிக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஒரு சோர்வு. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. சங்கம் தன் வேலையைச் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். செய்தது. நல்லொழுக்கத்துக்கு இடையூறாக இருப்பதால் மாலை வகுப்பு ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்றும், மஞ்சள் மூட்டைகள் உடனே வருகின்றன என்றும் தீர்மானம் போட்டார்கள்.

ஆனால் மார்க்கெட்டில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. வகுப்புப் பெண்கள் யாராவது கடைக்குப் போனால், கடைக்காரர்கள் நிறுத்ததை ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தார்கள். தெரியாத முகமாக இருந்தால், "பாலக்கரை கிளாஸாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் எடை சரியாக வந்தது. இது எடமலைப்பட்டி புதூர் வரை பரவிவிட்டது.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைத் தன் கையாலேயே கொடுப்பது என்று மாத்ருபூதம் பிள்ளை ஒருநாள் மாலையில் புறப்பட்டு வந்தார். படியின் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. ஹால் நிரம்பிப் படியெல்லாம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் சிலேட்டு. சிலர் பையோடு நேரே மார்க்கெட்டிலிருந்து வந்திருந்தார்கள். உள்ளே இருதயமேரி கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போய், புதிதாக வந்தவர்களிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளை ஒதுங்கி ஒதுங்கி, மேலும் இரண்டு படி ஏறினார். அங்கே அவர் மனைவி கமலவல்லி உட்கார்ந்திருந்தாள்.

"நீ இங்க என்ன பண்றே?"

"கிளாஸ்ல சேந்திருக்கேங்க."

"உனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமே."

"தெரியுங்க. ஆனா இங்க சேந்தவங்களுக்குத்தான் கடையில சரியா நிறுக்கிறாங்களாம்."

பிள்ளை சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? நம்ம வீட்டுக்கு நம்ம கடைச் சாமான்தானே வருது?"

"அதுதாங்க" என்றாள் கமலவல்லி. "கல்யாணம் ஆன நாள்லேருந்து பருப்பு குறைஞ்சுதான் வருது. கடை ஆளுங்களுக்குக் கை பழகிப்போச்சு, நம்ம வீடுன்னு தெரியாமப் போட்டுடறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போன தீபாவளிக்கு நீங்களே நிறுத்துக் கொண்டாந்தீங்களே, அதுவும் குறைஞ்சுதான் இருந்துச்சு."

முன் படியில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை நோட்டீஸை மடித்து ஜிப்பாப் பைக்குள் வைத்தார். "கீழ போகணும். கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார். அவருக்குப் பின்னால் அதற்குள் இன்னும் சிலர் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். உள்ளே பாடம் ஆரம்பித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கமலவல்லி புடவையை ஒதுக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். மாவட்ட வர்த்தகர் நல்லொழுக்க முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.